அறுநூற்று எழுபத்து நான்காவது மாற்றம்

வியாழக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, சிங்காநல்லூர் மெட்ரோ நிலையத்தின் படிக்கட்டில் சம்பத்குமாரின் வலது கால் அந்தரத்தில் நின்றுவிட்டது. இடது காலைப் படியில் வைத்திருந்தார். வலது காலை அடுத்த படிக்கு நீட்டினார். அது பாதி வழியில் கட்டைபோல் விறைத்துக்கொண்டது. பின்னால் வேலைக்கு ஓடும் கூட்டம். யாரோ இடித்ததில் பதினெட்டுப் படிகள் உருண்டு, தோள் எலும்பு முறிந்து, கீழே கிடந்தார். கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவர். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவர் சொன்னது ஒன்றுதான்: “நான் தடுக்கி விழலைங்க. கால் நின்னுபோச்சு.”

அந்த மாதத்தில் இப்படி விழுந்தவர்களில் அவர் நான்காவது ஆள். நான்கு பேர் முதுகுத்தண்டிலும் பாலம் இருந்தது.

பாலம் என்பது புளியங்கொட்டை அளவில் ஒரு சில்லு. விபத்தில் தண்டுவடம் அறுந்தவர்களுக்கு, அறுந்த இடத்தின் மேலும் கீழுமாக அதை வைத்துத் தைப்பார்கள். மூளை ‘நட’ என்று சொல்வதை மேலே வாங்கி, கீழே கால்களுக்குக் கடத்தும். கோவை வட்டாரத்தில் ஆயிரத்து நூற்று நாற்பது பேர் அதை வைத்துக்கொண்டு நடந்தார்கள். அதைச் செய்த கம்பெனி ஏழு வருடத்துக்கு முன்பே மூடிவிட்டது. நடந்துகொண்டிருந்தவர்கள் ஒன்று சேர்ந்து வழக்குப் போட்டு, பாலத்துக்குள் ஓடும் நிரலைத் தங்கள் பெயருக்கு வாங்கினார்கள். ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்து, ஒண்டிப்புதூரில் பழைய நூற்பாலைக் கட்டடம் ஒன்றில் ஆபீஸ் போட்டார்கள். அங்கே சம்பளத்துக்கு இருந்த ஒரே புரோகிராமர் நித்திலா. முப்பத்து நான்கு வயது. அவளுக்குப் பாலம் கிடையாது. கால்கள் இரண்டும் பிறந்ததிலிருந்து ஒழுங்காக இருந்தன.

பதினொரு மணிக்கு மருத்துவக் கருவிகள் ஆணையத்தின் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். அதை நீக்கிய நிரலை ஒரு ஆளின் உடம்பில் சோதித்து, சோதித்தவர் கையெழுத்தோடு அனுப்ப வேண்டும். புதிதாக ஒரு வரிகூடச் சேர்க்கக் கூடாது. இருப்பதை எடுக்கலாம், அவ்வளவுதான். தவறினால் பொதுமக்கள் பாதுகாப்புக் கருதி எல்லாப் பாலங்களும் நிறுத்தப்படும்.

கடிதத்தை வாசித்தவர் சங்கத் தலைவி லோகாம்பாள். பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் பாலம் உண்டு. மடித்து மேசையில் வைத்துவிட்டு நித்திலாவைப் பார்த்தார்.

“நாளைக்கு அஞ்சு மணிக்கு மேல நான் இந்தச் சேர்ல இருந்து எந்திரிக்க முடியாது. நீ எந்திரிப்ப. அதனால நீதான் ஓடணும்” என்றார்.

நித்திலா கறுப்புத் திரையைத் திறந்தாள். சங்கத்தில் அழகான திரைகளுக்கெல்லாம் வழியில்லை. நிரலில் யார் எந்த நாளில் எந்த வரியை மாற்றினாலும் அதைப் பதிந்து வைப்பது கிட் என்ற பழைய கருவி. லோகாம்பாள் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டது. ஒரு வரி கட்டளை தட்டினால் ஒரு வரி பதில் சொல்லும்.

எல்லாம் கடைசியாக ஒழுங்காக இருந்தது எப்போது என்று லோகாம்பாள் கேட்டார். இரண்டு வருடத்துக்கு முன், அனுமதிச் சோதனையின்போது என்றாள் நித்திலா. நூறு மாடி இறங்க வைத்துப் பார்த்துத்தான் சான்று கொடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகு சங்கத்தின் ஆட்களும் வெளியூர்த் தன்னார்வலர்களுமாக ஆயிரத்துப் பன்னிரண்டு மாற்றங்கள் செய்திருந்தார்கள். அதில் ஏதோ ஒன்றுதான் காலை நிறுத்துகிறது.

அப்படியானால் அந்த இரண்டு வருடப் பழைய நிரலையே எல்லோருக்கும் போட்டுவிடலாமே என்றார் லோகாம்பாள்.

“உடம்பு மறந்திருக்கும் டீச்சர். ஒவ்வொரு மாத்தத்துக்கும் ஏத்த மாதிரி நரம்பு பழகிட்டு வந்திருக்கு. ரெண்டு வருசம் பின்னால போனா எல்லாரும் மறுபடி தத்தி நடக்கணும். ஆறு மாசம் ஆகும் பழைய நடை வர. அதுக்குள்ள எத்தனை பேர் விழுவாங்களோ.”

“அப்ப ஆயிரத்தையும் ஒண்ணொண்ணாப் பாப்பியா?”

“இல்லைங்க. நடுவுல வெட்டுவேன். ஐநூத்தி ஆறாவது மாத்தம் வரைக்கும் போட்டுப் பாக்கறது. கால் நிக்கலைன்னா தப்பு அதுக்கப்புறம் இருக்கு. நின்னா அதுக்கு முன்னாடி. மிச்சம் இருக்கறதை மறுபடி பாதியா வெட்டறது. அதுக்கு இதுல ஒரு கட்டளையே இருக்கு, பைசெக்ட்னு.”

லோகாம்பாள் மனதுக்குள் பாதி பாதியாக வகுத்துப் பார்த்தார். “பத்துத் தடவைல முடிஞ்சிரும்.”

“பத்துத் தடவை. ஆனா கம்ப்யூட்டர்ல பாக்க முடியாது. மாதிரி ஓட்டத்துல எல்லா நிரலும் நல்லாத்தான் நடக்குது. நிஜமா ஒருத்தர் படி இறங்கணும்.”

யார் என்று அவர் கேட்கவில்லை. சங்கத்தின் குழுவுக்குச் செய்தி அனுப்பினார். பத்து நிமிடத்தில் ஷமீமா பேசினாள்.

ஷமீமா லிஃப்ட் மெக்கானிக். நாற்பத்தொரு வயது. ஒன்பது வருடத்துக்கு முன் லிஃப்ட் குழிக்குள் இரண்டு மாடி விழுந்து முதுகு போனது. பாலம் வைத்த பிறகு அதே வேலைக்குத் திரும்பியிருந்தாள். தனக்கும் இரண்டு தடவை கால் நின்றிருக்கிறது என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டாள். இரண்டு தடவையும் ஒன்பது மாடிக்கு மேல் இறங்கிய பிறகு. சொன்னால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களென்று யாரிடமும் சொல்லவில்லை. சம்பத்குமாரும் அன்று காலை தன் குடியிருப்பில் லிஃப்ட் ஓடாமல் ஒன்பது மாடி இறங்கித்தான் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார்.

கணபதியில் பதினான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றின் லிஃப்டை ஷமீமாதான் பராமரித்தாள். மேலே லிஃப்டில் போகலாம், கீழே படியில் இறங்கலாம். பழைய நிரல்களைப் பாலத்தில் ஏற்றும்படி தயார் செய்வதிலேயே வியாழக்கிழமை போயிற்று. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இருவரும் அதன் மொட்டைமாடிக் கதவருகே இருந்தார்கள். நித்திலா தரையில் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டாள். ஷமீமா இடுப்பில் வேலைக்குக் கட்டும் பெல்ட். அதன் கொக்கியைப் படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியில் மாட்டியிருந்தாள்.

முதல் கட்டளை போனது. நிரல் பாலத்துக்குள் ஏறப் பன்னிரண்டு நிமிடம். அதுவரை அசையக் கூடாது. முதுகில் ஊசி குத்துவதுபோல் சூடு ஏறும். ஏறி முடிந்ததும் ஷமீமா எழுந்தாள். எழுந்த வேகத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டாள். போன வருடத்து நடை அது. முழங்கால் அவள் நினைத்ததைவிடத் தாமதமாக மடங்கியது. நித்திலா ஒரு படி முன்னால், திரும்பியபடி இறங்கினாள். பதினான்கு, பதின்மூன்று, பன்னிரண்டு. நான்காவது மாடியில் ஷமீமாவின் மேல்சட்டை நனைந்திருந்தது. கீழ்த்தளம் வந்தது. கால் நிற்கவில்லை.

நித்திலா ‘குட்’ என்று தட்டினாள். ஐநூற்று ஆறு மாற்றங்கள் ஒரே வரியில் சந்தேகத்திலிருந்து விலகின. திரை அடுத்து எழுநூற்று ஐம்பத்தொன்பதைக் கேட்டது. நித்திலா சிரித்துக்கொண்டே திரையைத் திருப்பிக் காட்டினாள். ஷமீமாவும் சிரித்தாள். “நாலு எழுத்துல ஐநூறு போயிருச்சா?” என்று கேட்டுக்கொண்டே லிஃப்ட் பொத்தானை அழுத்தினாள்.

இரண்டாவது தடவை ஐந்தாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் வலது கால் நின்றது. கம்பியில் மாட்டிய கொக்கி டங்கென்று இழுத்துப் பிடித்தது. நித்திலா அவளைத் தோளோடு அணைத்து உட்கார வைத்தாள். நாற்பது விநாடி கழித்துக் கால் தானாக இளகியது. நித்திலா ‘பேட்’ என்று தட்டினாள். இந்த இருநூற்று ஐம்பத்து மூன்றுக்குள்தான் அது ஒளிந்திருக்கிறது.

மூன்றாவது, நிற்கவில்லை. நான்காவது, நின்றது. குடியிருப்புக்காரர்கள் சிலருக்கு விஷயம் தெரிந்துபோய், மாடிக்கு மாடி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தார்கள். ஏழாவது மாடியில் ஒரு அம்மாள் மோர் கொடுத்தார். ஐந்தாவது நிற்கவில்லை. ஆறாவது தடவை மூன்றாம் மாடியில் நின்றது. அப்போது மணி இரண்டே முக்கால். ஷமீமாவின் இரண்டு முழங்கால்களும் வீங்கியிருந்தன. மிச்சம் பதினாறு மாற்றங்கள், நான்கு சோதனைகள். ஒரு சோதனைக்கு நாற்பது நிமிடம். நித்திலா கணக்குப் போட்டாள். ஐந்தரை ஆகிவிடும். சரி செய்த நிரலை மறுபடி இறங்கிச் சோதிப்பது அதற்குப் பிறகு.

முடியாது என்று அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். லோகாம்பாள் போனில் கேட்டபோது, போய்க்கொண்டிருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

ஷமீமா படியில் உட்கார்ந்து, ஷூவின் கயிற்றை அவிழ்த்தாள்.

“நித்திலா, நான் எறங்க வேண்டியதில்ல. நீ ஒவ்வொண்ணாப் போடு. வெறும் கால்ல நின்னாப் போதும், எது நிக்கும் எது நிக்காதுன்னு சொல்லிடுறேன்.”

“எப்படிக்கா?”

ஷமீமா இரண்டாவது ஷூவையும் கழற்றி ஓரமாக வைத்தாள்.

“கால் நிக்கிற நிரல்லயெல்லாம் எனக்குத் தரை தெரியுது” என்றாள்.

நித்திலாவுக்கு முதலில் புரியவில்லை. பாலம் கீழ்நோக்கி மட்டும்தான் கடத்தும். நடக்கச் சொல்லும், பாதத்தில் என்ன படுகிறது என்று மேலே சொல்லாது. பாலம் வைத்த யாருக்கும் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. கண்ணால் பார்த்துத்தான் கால் வைப்பார்கள்.

ஷமீமா சொன்னாள். போன ஜூன் மாதம் குளியலறையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும்போது இடது சுண்டுவிரலில் ஏதோ ஜில்லென்று பட்டது. பிரமை என்று நினைத்தாள். மறுநாளும் பட்டது. ஒரு வாரத்தில் பாய் தெரிந்தது. தொழுகையில் நெற்றியைத் தரையில் வைக்கும்போது கால் விரல்கள் பாயில் ஊன்றுமே, அந்தக் கோரை விரலில் உறுத்தியது. ஒன்பது வருடத்துக்குப் பிறகு. நரம்பு மறுபடி முளைக்கிறது என்று நம்பினாள். கணவர் யூசுஃபிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் போய்விடுமோ என்று பயம். எட்டு மாதமாக அதை மடியில் கட்டிக்கொண்டு திரிந்ததுபோல் இருந்தாள்.

“இன்னைக்குக் காலைல நீ முதல் தடவை போட்டதும் போயிருச்சு. ரெண்டாவது போட்டதும் வந்திருச்சு. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அது என் நரம்பு இல்ல, உன் எழுத்து.” குரலில் அழுகை இல்லை. “சரி, நேரமாச்சு. போடு.”

நித்திலா போட்டாள். பன்னிரண்டு நிமிடம் முடிந்ததும் ஷமீமா வெறும் காலோடு எழுந்து மொசைக் தரையில் நின்றாள். கண்ணை மூடினாள். “இல்ல. இது நல்லது.” அடுத்தது. நின்ற உடனே சொன்னாள்: “இருக்குது.” ‘பேட்’. அடுத்ததிலும் இருந்தது. மறுபடி ‘பேட்’. ஒவ்வொரு தடவையும் திரையில் மிச்ச எண்ணிக்கை பாதியாகச் சுருங்கச் சுருங்க, இருவரும் அதன் மேல் குனிந்தே கிடந்தார்கள். பத்தாவது நிரல் ஏறியபோது மணி மூன்று நாற்பது. ஷமீமா ஒரு பாதத்தை வைத்தாள், இன்னொன்றை வைத்தாள்.

“இருக்குது” என்றாள்.

நித்திலா தட்டினாள். முதல் கெட்ட மாற்றம் இதுதான் என்று திரை சொன்னது. அறுநூற்று எழுபத்து நான்கு. எழுதிய நாள் ஜூன் பதினான்கு. மாற்றத்தின் குறிப்பு: ‘சூடு பட்டால் கால் நிற்க. சிறு திருத்தம்.’ ஒன்பது வரிகள். எழுதியவர் பெயர் நித்திலா.

அவள் அதை மறைக்கவில்லை. திரையை ஷமீமா பக்கம் திருப்பினாள்.

“நான்தாங்க்கா. ஆறுச்சாமி அண்ணனுக்காக எழுதினது.”

ஆறுச்சாமியை ஷமீமாவுக்கும் தெரியும். பீளமேட்டில் ஒரு வார்ப்படப் பட்டறையில் வேலை. போன மே மாதம் காய்ச்சிய இரும்பு சிதறி அவர் ஷூவுக்குள் இறங்கியது. உணர்ச்சி இல்லாததால் தெரியவில்லை. தோல் கருகும் வாடை வந்த பிறகுதான் குனிந்து பார்த்தார். மூன்று விரல்கள் போயின. அவரை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்து நித்திலா இந்த ஒன்பது வரிகளை எழுதினாள். ஏழு வரிகள் பாதத்திலும் முழங்காலிலும் உண்டாகும் வலிச் சைகையை மேலே பாலத்துக்குக் கொண்டுவந்து கூட்டி வைக்கும். கடைசி இரண்டு வரிகள், கூட்டியது ஒரு அளவைத் தாண்டினால், ஆள் குனிந்து பார்க்கட்டும் என்று காலை நிறுத்தும். இறங்குகிற ஒவ்வொரு படியிலும் முழங்காலில் விழும் அழுத்தமும் அந்தக் கூட்டலில் சேர்ந்துகொண்டே போகும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. மேலே வந்த சைகை பாலத்தோடு நிற்காமல் கசிந்து மூளைக்கும் போகும் என்றும் தோன்றவில்லை.

ஷமீமா இரண்டு தடவை கேட்டுப் புரிந்துகொண்டாள். பிறகு கேட்டாள்: “நிறுத்துற ரெண்டு வரிய மட்டும் எடுத்துட்டு, மத்த ஏழையும் விட முடியாதா?”

“அப்படி ஒரு நிரல் இதுவரைக்கும் எங்கயும் ஓடினதில்லைக்கா. ஆயிரத்து நூத்தி நாப்பது பேர் முதுகுல இன்னைக்கு அதைப் போட எனக்குத் தைரியம் இல்ல. அதோட, வலி வந்துட்டே இருக்கும், கால் நிக்காது. என்ன ஆகும்னு பாக்க ஒரு வாரமாவது வேணும். நமக்கு ஒரு மணி நேரம் இருக்கு.”

கையெழுத்துப் போட வேண்டியவள் ஷமீமா. அவள் போடவில்லையென்றால் எதுவும் நகராது. அது இருவருக்கும் தெரிந்திருந்தது. அவள் கீழே தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இப்ப உள்ள இருக்கறது அறுநூத்தி எழுவத்தி நாலுதான?”

“ஆமாங்க்கா.”

“ஒரு நிமிசம் நின்னுக்கட்டா?”

நித்திலா தலையசைத்தாள். ஷமீமா அந்த மொசைக் தரையில் மெதுவாக நாலடி நடந்தாள். ஓரத்தில் ஓடுகள் பெயர்ந்து மணலாக இருந்த இடத்தில் நின்று விரல்களை மடக்கி மணலை அழுத்தினாள். ஒரு நிமிடம் இரண்டாயிற்று. நித்திலா கடிகாரத்தைப் பார்த்தாள். கடைசியில் ஷமீமாவே வந்து உட்கார்ந்தாள்.

“போதும். எடு” என்றாள்.

நித்திலா ‘ரிவர்ட்’ என்று தட்டி, அந்த மாற்றத்தின் எண்ணைக் கொடுத்தாள். அதற்குப் பின் வந்த முந்நூற்று முப்பத்தெட்டு மாற்றங்களும் அப்படியே இருக்க, அந்த ஒன்பது வரிகள் மட்டும் கழன்றன. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. “அழிச்சுடலைக்கா. பதிவுல அது எப்பவும் இருக்கும்” என்றாள்.

“பதிவுல இருந்து எனக்கு என்ன? கால்ல இருக்கணுமே” என்றாள் ஷமீமா.

நான்கு மணிக்கு அவள் கடைசியாக இறங்க ஆரம்பித்தாள். இது அவளுடைய இன்றைய நடை. முழங்கால் வீங்கியிருந்தாலும் கால்கள் சொன்ன பேச்சைக் கேட்டன. பத்தாம் மாடி, ஏழாம் மாடி, ஐந்து, மூன்று. கதவருகே நின்றவர்கள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். கீழ்த்தளத்தை மிதித்ததும் அவள் நிற்கவில்லை. லிஃப்டில் மேலே போய் மறுபடி ஐந்து மாடி இறங்கிக் காட்டினாள். கால் நிற்கவே இல்லை. நாலே முக்காலுக்குக் கையெழுத்துப் போட்டாள். நாலு ஐம்பத்தொன்றுக்கு நித்திலா அனுப்பினாள்.

இருவரும் ஆபீஸை போனில் பிடித்து, ஸ்பீக்கரில் வைத்துக் காத்திருந்தார்கள். அங்கே லோகாம்பாள் மேசையைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். செருப்புச் சத்தம் கேட்டது. ஐந்து மணி அடித்தது. சத்தம் நிற்கவில்லை. ஐந்து மணி ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். “நடக்கறேன்” என்றார் லோகாம்பாள். ஷமீமா படியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நித்திலா அழுதாள்.

அன்று இரவே சரி செய்த நிரல் எல்லாப் பாலங்களுக்கும் போனது. மறுநாளிலிருந்து சங்கத்துக்குப் போன் வர ஆரம்பித்தது. படியைப் பற்றி யாரும் பேசவில்லை. தயங்கித் தயங்கி, வேறு ஏதோ விசாரிப்பதுபோல ஆரம்பித்து, ‘நேத்து எதாவது எடுத்தீங்களா’ என்று கேட்டார்கள். இரண்டு நாளில் முந்நூறுக்கும் மேல். ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் உணர்ச்சி திரும்புகிறது என்று நம்பி, யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் லோகாம்பாள் நித்திலாவின் மேசைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். தன் பேத்தி காலடியில் படுத்துத் தூங்கும்போது அவளுடைய முடி பாதத்தில் படுவது தெரிந்ததென்றார்.

நித்திலா அன்றே மூல நிரலிலிருந்து ஒரு கிளை பிரித்தாள். அதற்குத் ‘தரை’ என்று பெயர் வைத்தாள். ஏழு வரிகள் அதில் இருந்தன. காலை நிறுத்தும் இரண்டும் இல்லை. நிறுத்துவதைப் பாலம் தீர்மானிக்க வேண்டாம். வலித்தால் வலிக்கிறது என்று மட்டும் சொல்லட்டும், நிற்பதா நடப்பதா என்பதைக் காலுக்குச் சொந்தக்காரர் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஆணையத்துக்கு எழுதினாள். மூன்று வாரம் அலைந்தாள். பத்துப் பேருக்கு மட்டும் போட்டுப் பார்க்க அனுமதி கிடைத்தது.

முதல் பெயர் ஷமீமா. போட வேண்டிய நாளில் அவள் சாயிபாபா காலனியில் ஒரு பழைய ஆஸ்பத்திரியின் லிஃப்ட் குழிக்குள் இருந்தாள். முந்தின நாள் மழையில் ஊற்றெடுத்து, குழியில் கணுக்கால் அளவு தண்ணீர். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டிருந்தாள். நித்திலா மேலே, திறந்த லிஃப்ட் கதவின் விளிம்பில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். ஓடும் நேரத்தைக் குறித்துக்கொள்ள நோட்டை எடுத்தாள். கிளையை மாற்றும் கட்டளையைத் தட்டினாள். என்டர் அழுத்துவதற்கு முன், மேலே ஏறி வந்து அசையாமல் உட்காரச் சொல்ல வேண்டும்.

கீழே ஷமீமா பூட்ஸுக்குள் தண்ணீர் போய்விட்டதென்று கழற்றிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். வெறும் காலைத் தண்ணீரில் வைத்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“அதுக்குள்ள போட்டுட்டியா? சொல்லவே இல்ல?”

“என்னக்கா?”

“சுண்டுவிரல்ல ஜில்லுங்குது. பழைய மாதிரி பலமா இல்ல. லேசா. ஆனா இருக்குது.”

நித்திலாவின் விரல் என்டர் மேல்தான் இருந்தது. அழுத்தவில்லை. தான் தெரியாமல் ஏதாவது அனுப்பிவிட்டோமோ என்று பாலத்தைக் கேட்டாள். ஒன்பது வரிகளைக் கழற்றிய நிரல்தான் அதில் ஓடியது, மூன்று வாரமாக. வரிக்கு வரி ஒப்பிடச் சொன்னாள். வித்தியாசம் இல்லை. கடைசியாக நிலை என்ன என்று கேட்கும் கட்டளையைத் தட்டினாள். மாற்றம் எதுவும் இல்லை, பதிவு செய்ய ஒன்றுமில்லை என்று திரை பதில் சொன்னது.

அவள் அதை மூன்று தடவை வாசித்தாள். எட்டு மாதம் அந்த ஏழு வரிகள் ஒரு தடத்தில் சைகை அனுப்பியிருக்கின்றன. அவற்றை எடுத்த பிறகும் யாருக்கும் தெரியாமல், அந்தத் தடத்தில் ஏதோ ஊர்ந்து வந்திருக்கிறது. இப்படித்தானா என்று அவளுக்குச் சரியாகத் தெரியாது. யாரைக் கேட்பது என்றும் தெரியாது.

“அக்கா, நான் இன்னும் ஒண்ணுமே போடலை” என்றாள்.

ஷமீமா தண்ணீருக்குள் அசையாமல் நின்றாள். பிறகு மிக மெதுவாக அடுத்த காலிலிருந்தும் பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தாள்.

நித்திலா தட்டியிருந்த கட்டளையை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். லேப்டாப்பை மூடிவிட்டுப் போனை எடுத்தாள். பட்டியலில் அடுத்த பெயர் ஆறுச்சாமி. பட்டறையின் இரைச்சலுக்கு நடுவே அவர் எடுத்தார். கொஞ்சம் வெளியே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரமான தரையில் நிற்க முடியுமா என்று கேட்டாள். என்ன தெரிகிறது என்று சொல்லச் சொன்னாள்.

இரைச்சல் மெல்லக் குறைந்தது. குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

“ஒரு வாரமா இருக்குதுங்க அம்மிணி” என்றார் ஆறுச்சாமி. “சொன்னா நீங்க எடுத்துப்போடுவீங்களோன்னுதான் சொல்லாம இருந்தனுங்க.”

“இதை என்னால எடுக்க முடியாதுங்கண்ணா” என்றாள் நித்திலா.